வாரண்டிக்குள் லேப்டாப் திரும்பத் திரும்பப் பழுதானால்: மாற்று லேப்டாப் கேட்டு வாங்க முழுமையான வழிகாட்டி

"மதர்போர்டு மாத்தியாச்சு சார், இனிமே பிரச்சினை வராது." இந்த வாக்கியத்தை ஒரு தடவைக்கு மேல் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தடவை பழுதானால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், சரிசெய்து வாங்குங்கள், வேலை முடிந்தது. அதே பழுது திரும்பி வந்தாலோ, ஒன்றைச் சரிசெய்ததும் இன்னொன்று கிளம்பினாலோ, அதன் பிறகு நடக்க வேண்டியது வேறு வேலை.

ஏன் வேறு என்பதற்கு உங்கள் வாரண்டி வாசகத்தை ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலும் அதில் இருப்பது இதுதான்: குறை இருந்தால் நிறுவனம் சரிசெய்யும் அல்லது மாற்றித் தரும், இரண்டில் எது என்பது நிறுவனத்தின் விருப்பம். போடும் பாகம் புதியதாகவும் இருக்கலாம், புதுப்பித்ததாகவும் இருக்கலாம். ஆக, "லேப்டாப் பழுது, புதுசு கொடுங்கள்" என்று கேட்டால், "சரிசெய்து தருகிறோம்" என்று அவர்கள் சொல்வதில் விதிப்படி தப்பே இல்லை. நாம் காட்ட வேண்டியது, சரிசெய்யும் வழியை அவர்கள் முயன்று தோற்றுவிட்டார்கள் என்பதை. அதையும் அவர்கள் கொடுத்த காகிதங்களை வைத்தே காட்ட வேண்டும்.

நீதிமன்றமும் வாரண்டி வாசகத்தை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டுமே வாரண்டி சொல்கிறது என்பதால், முழு வண்டியையும் மாற்றித் தரும்படி கீழே போட்டிருந்த உத்தரவை ரத்து செய்தது. இத்தனை தடவை பழுதானால் கட்டாயம் மாற்றித் தர வேண்டும் என்று எண்ணிக்கை வகுத்த சட்டமும் இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி ஒரு ரிப்பேர் தோற்றாலே பொருளைத் திருப்பிக் கொடுக்க உரிமை வந்துவிடும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் சட்டம், டெலிவரியிலிருந்து ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அதனால் ஆவணம் சேர்ப்பதில்தான் பாதி வேலை.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள்

பில் எங்கே? அதில் யார் பெயர் இருக்கிறது? சீரியல் எண் இருக்கிறதா? லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி முடியும் தேதியையும் பாருங்கள். கடையில் நாட்கணக்கில் தூங்கிய பெட்டியாக இருந்தால், நீங்கள் வாங்கிய நாளுக்கு முன்பே வாரண்டி தொடங்கியதாகக் காட்டும். பில்லை அனுப்பி உடனே திருத்தச் சொல்லுங்கள். தகராறு வந்த பிறகு கேட்டால் அதற்கே தனியாக ஒரு வாரம் போகும்.

வாரண்டி எந்த வகை என்பதும் முக்கியம். எஞ்சினியர் வீட்டுக்கு வரும் ஆன்சைட் வகையா, நாம் தூக்கிக்கொண்டு போகும் கேரி-இன் வகையா? ஆன்சைட் வாங்கியிருந்தும் "சென்டருக்குக் கொண்டு வாங்க" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வாங்கி ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றே கடையையோ ஆன்லைன் தளத்தையோ பிடியுங்கள். தொடக்கத்திலேயே பழுதான பொருளை டிஓஏ என்பார்கள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் அதற்கு ஒரு சான்று கொடுத்தால் கடைக்காரரே மாற்றித் தருவது வழக்கம். அந்த நாட்களை "ஒரு தடவை சாஃப்ட்வேர் போட்டுப் பார்ப்போம்" என்று கடத்திவிடுவார்கள். விடாதீர்கள். விற்ற பொருளில் குறை இருந்து, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது.

இன்னொன்று: இஎம்ஐயில் வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் லேப்டாப் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை. அடிபடுவது உங்கள் சிபில் ஸ்கோர்.

அவர்கள் சொல்லப்போகும் சாக்குகளுக்கு முன்கூட்டியே வழியடைத்துவிடுங்கள்

சர்வீஸ் சென்டரில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். சாஃப்ட்வேர் பிரச்சினை. உங்கள் வீட்டு கரண்ட் பிரச்சினை. நீங்கள் போட்ட ரேம் பிரச்சினை.

சாஃப்ட்வேர் என்ற வாதத்தை உடைக்க, முக்கியமானவற்றை பேக்கப் எடுத்துவிட்டு விண்டோஸை ஒரு தடவை முழுதாக ரீசெட் செய்யுங்கள். அப்புறமும் பழுது வந்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். இதைவிட வலுவான சோதனை ஒன்று உண்டு. லேப்டாப்பை பயோஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரை) அப்படியே விட்டு வையுங்கள், அல்லது பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து ஓட்டுங்கள். அங்கேயும் தானாக அணைந்தால், திரையில் கோடு விழுந்தால், விண்டோஸ் மேல் பழி போட யாராலும் முடியாது. அதை வீடியோ எடுத்து வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் அவர்கள் சொல்வதில் சில நேரம் உண்மை இருக்கும். நம் ஊரில் எர்த் சரியாக இல்லாத பிளக் பாயின்ட் நிறைய. உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொட்டால் சுருசுருவென்று இருப்பது பெரும்பாலும் அதனால்தான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அலுவலகத்திலோ நண்பர் வீட்டிலோ வைத்து ஓட்டியும், பேட்டரியில் மட்டும் ஓட்டியும் பாருங்கள். மூன்று இடத்திலும் அதே பழுது என்றால் உங்கள் வீட்டு வயரிங் வழக்கிலிருந்து விடுதலை.

தனியாக வாங்கிப் போட்ட ரேம், எஸ்எஸ்டி இருந்தால் கழற்றி, கம்பெனி கொடுத்ததை மட்டும் வைத்துச் சோதியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் தெரிந்த கடை இருக்கிறது, திறந்து பார்த்துச் சொல்வார்கள் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வாரண்டி முடியும் வரை அந்த ஆசை வேண்டாம். அவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் வெளியாள் திறந்த தடயம் இருந்தால் நிறுவனத்துக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

பழுதுப் பட்டியல்

ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ நான்கு பத்தி போடுங்கள்: தேதி, என்ன நடந்தது, கேஸ் எண் (புகாரைப் பதிந்ததும் நிறுவனம் தரும் எண்), அவர்கள் என்ன செய்தார்கள். பேச்சுவார்த்தை முழுவதும் இந்த ஒரு பக்கத்தின் மேல்தான் நிற்கும்.

ஒவ்வொரு தடவையும் புதிய கேஸ் எண் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் எஞ்சினியரிடம் "தம்பி, மறுபடி வருது, வந்து பாருப்பா" என்று சொல்லி அவரும் நல்ல மனதோடு வந்து பார்த்துவிட்டுப் போனால், நிறுவனத்தின் கணினியில் அந்த வருகை நடக்கவே இல்லை. அவருக்கு நன்றி சொல்லுங்கள், கூடவே கேஸ் போடச் சொல்லுங்கள்.

விண்டோஸே உங்களுக்காக ஒரு டைரி எழுதிக்கொண்டிருக்கிறது. ரிலையபிலிட்டி மானிட்டர் என்று தேடித் திறந்தால், எந்த நாளில் எது செயலிழந்தது என்று சிவப்புக் குறிகளோடு நாள்வாரியாக இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விண்டோஸின் இன்னொரு பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருந்தால், கணினி ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் அது வரும். அதை மட்டும் காட்டி வாதாடினால் எடுபடாது. வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் அது வன்பொருள் தானே தெரிவித்த பிழை. அதற்கு மதிப்பு அதிகம்.

அதைவிட மதிப்பு, லேப்டாப்போடு வரும் நிறுவனத்தின் சொந்தச் சோதனைக்கு. டெல்லில் ஆன் செய்யும்போது எஃப்12, எச்பியில் எஃப்2 அழுத்தினால் விண்டோஸுக்கு வெளியே ஒரு பரிசோதனை ஓடும். விரைவுச் சோதனையை விட்டுவிட்டு முழுச் சோதனையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அது பிழை எண் ஒன்றைக் கொடுத்தால் போட்டோ எடுங்கள். கால் சென்டரில் இருப்பவருக்கு நம் வர்ணனை புரியாமல் போகலாம். அவர்களே எழுதிய பிழை எண் உடனே புரியும்.

கஷ்டமானது, எப்போதாவது வந்து போகும் பழுது. சர்வீஸ் சென்டரில் ஏசி அறையில், சார்ஜரில் செருகி, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். சமர்த்தாக ஓடும். "நோ இஷ்யூ ஃபவுண்ட்" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த மூன்று சொற்கள் உங்கள் பட்டியலில் ஒரு ஓட்டை. ஆகவே பழுதை வரவழைக்கும் செய்முறையைச் சேர்த்தே கொடுங்கள்: "பேட்டரியில், வீடியோ கால் ஓடும்போது, அரை மணி நேரம் கழித்து, திரையைப் பாதி மூடினால் கோடு விழும்" என்பது போல. வீடியோவும் எடுங்கள். முதலில் சீரியல் எண் ஸ்டிக்கர், பிறகு கேமராவை நிறுத்தாமல் அப்படியே திரைக்கு, திரையில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். வெட்டி ஒட்டிய வீடியோவை எவரும் நம்ப மாட்டார்கள்.

சர்வீஸ் சென்டரில் கவனம் வைக்க வேண்டிய இடங்கள்

கொடுப்பதற்கு முன் லேப்டாப்பை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள்: மூலைகள், கீல், திரை, போர்ட்டுகள். அங்கே சிஐடி என்று ஒரு சொல் புழங்கும். வாடிக்கையாளரால் வந்த சேதம் என்று பொருள். உள்ளே போகும்போது இல்லாத கீறல் வெளியே வரும்போது இருந்தால், அந்த மூன்று எழுத்து வாரண்டியையே முடித்துவிடும். லேப்டாப்பை வாங்கும்போது அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் "பிசிக்கல் டேமேஜ் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். பழுது பற்றிய இடத்தில் "ஹேங் ஆகிறது" என்று அவர்கள் சுருக்கி எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். "இதே பழுதுக்காக முன்பு வந்த கேஸ் எண் இது" என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கவுன்டரில் இருக்கும் பெண் கொஞ்சம் சலித்துக்கொள்வார். பரவாயில்லை.

மதர்போர்டை மாற்றப்போகிறார்கள் என்றால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) சாவியை முதலில் எடுத்து வையுங்கள். புதிய போர்டு வந்ததும் விண்டோஸ் 48 இலக்க எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கு எது என்று அப்போது தேடுவது பெரும் பாடு. எஸ்எஸ்டியை மாற்றினால் பழையதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், உங்கள் படங்களும் கோப்புகளும் அதோடு போய்விடும். பேக்கப் இல்லாமல் எதையும் கையில் கொடுக்காதீர்கள்.

இப்போது ஓடிபி விஷயம். வேலை முடிந்ததும் எஞ்சினியர், "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க, கேஸ் குளோஸ் பண்ணிடறேன்" என்பார். சொன்ன அடுத்த நொடி அந்தக் கேஸ் உங்கள் சம்மதத்தோடு தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். அவர் மேல் தப்பில்லை. அன்றைக்கு முடித்த கேஸ்களின் கணக்கு அவருக்கு இருக்கிறது. "தம்பி, ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று தன்மையாகச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தினால் ஜாப் ஷீட்டில், "எனக்கு முன் சோதிக்கப்படவில்லை, பழுது திரும்பி வந்தால் இதே கேஸின் தொடர்ச்சி" என்று உங்கள் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு பிறகு ஓடிபி கொடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும்.

வாரண்டி முடிய இன்னும் சில நாட்களே இருந்தால், சின்னதாகத் தெரியும் பழுதையும் முடிவதற்குள் கேஸாகப் போட்டுவிடுங்கள். வாரண்டிக்குள் பதிவான பழுது பிறகு திரும்பி வந்தால் வாதாட இடம் உண்டு. பதியாத பழுதுக்கு இல்லை.

எப்போது, யாரிடம் கேட்பது

என் கணக்கு இது: ஒரே பழுது இரண்டாவது ரிப்பேருக்குப் பிறகும் வந்தால், அல்லது மதர்போர்டு, திரை போன்ற பெரிய பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தால், அன்றைக்கே எழுத்தில் ரீப்ளேஸ்மென்ட் கேளுங்கள். அதற்கு முன் கேட்டால் அவசரக்காரர் என்று ஒதுக்குவார்கள். அதற்குப் பிறகும் காத்திருந்தால் ஓடுவது உங்கள் வாரண்டி.

எஞ்சினியரிடம் கேட்பதில் பயனில்லை. கால் சென்டரில் முதலில் எடுப்பவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. மேல்மட்டத்தில் புகாரைப் பார்க்கும் எஸ்கலேஷன் டீமிடம் கேஸ் போக வேண்டும். அவரிடம் இப்படிச் சொல்லலாம்:

"மேடம், உங்க மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ரீப்ளேஸ்மென்ட் முடிவு உங்க கையில இல்லைன்னு தெரியும். இந்தக் கேஸை எஸ்கலேஷன் டீமுக்கு அனுப்பி, அந்த எண்ணை மட்டும் எனக்குக் கொடுங்க. யார், எந்தத் தேதிக்குள்ள கூப்பிடுவாங்கன்னும் சொல்லுங்க."

கத்தினால் அவர் குறிப்பில் "கோபமான வாடிக்கையாளர்" என்று ஏறும். அடுத்து பேசுபவர் உங்கள் பழுதைப் படிக்கும் முன் அதைத்தான் படிப்பார்.

போனை வைத்த கையோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று மாலை நாம் பேசியதில், எஸ்கலேஷன் டீம் வெள்ளிக்கிழமைக்குள் அழைக்கும் என்று சொன்னீர்கள். தவறு இருந்தால் திருத்துங்கள்." போனில் சொன்னது காற்றோடு போகும். இது போகாது.

ரீப்ளேஸ்மென்ட் கேட்கும் மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆங்கிலத்தில் அனுப்பினால் எந்த ஊரில் இருக்கும் மேலாளரும் நேரடியாகப் படிப்பார். சாரம் இப்படி இருக்கட்டும்:

"இந்த சீரியல் எண்ணுள்ள லேப்டாப்பை இந்தத் தேதியில், இந்த விலைக்கு, இந்தக் கடையில் வாங்கினேன். வாரண்டி இந்தத் தேதி வரை உள்ளது. தானாக அணையும் பழுதுக்காக முதல் கேஸில் ரேம் மாற்றப்பட்டது. ஒரு மாதத்தில் பழுது திரும்பியது. இரண்டாவது கேஸில் மதர்போர்டு மாற்றப்பட்டது; இரண்டு வாரத்தில் பழுது திரும்பியது. உங்கள் சொந்தப் பரிசோதனையில் கிடைத்த பிழை எண்ணையும் வீடியோவையும் இணைத்துள்ளேன். பயோஸ் திரையிலும் பழுது வருகிறது. நியாயமான எண்ணிக்கையில் ரிப்பேருக்கு வாய்ப்பளித்தும் குறை தீரவில்லை. எனவே இதே மாடலில், அல்லது எந்த அம்சத்திலும் குறையாத இன்னொரு மாடலில், புதிய லேப்டாப் தருமாறு கேட்கிறேன். அது இயலாவிட்டால் பில் தொகையைத் திருப்பித் தாருங்கள். பத்து நாளில் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்."

மன உளைச்சல், பிள்ளையின் பரீட்சை, அலுவலகத்தில் வாங்கிய திட்டு எல்லாம் உண்மைதான். இந்த மின்னஞ்சலில் அவற்றுக்கு வேலை இல்லை. நஷ்டஈடு கேட்கும் கட்டம் வந்தால் அங்கே எழுதலாம்.

கடைக்காரருக்கும் அல்லது ஆன்லைன் தளத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். "கம்பெனியைக் கேளுங்க" என்றுதான் பதில் வரும். வரட்டும். விற்றவருக்கும் தெரியப்படுத்தினோம் என்பது பின்னால் உதவும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

எக்ஸ் போன்ற இடங்களில் நிறுவனத்தின் கணக்கைக் குறிப்பிட்டு எழுதுவது பல நேரம் பலன் தரும். அதைப் பார்க்கத் தனி ஆட்களை வைத்திருப்பார்கள். சீரியல் எண்ணையும் போன் நம்பரையும் பொதுவில் போட்டுவிடாதீர்கள். "சப்போர்ட்" என்ற பெயரில் கூப்பிட்டுப் பணம் பறிப்பவர்கள் அங்கேயே காத்திருக்கிறார்கள்.

பேரம்

எஸ்கலேஷன் டீம் கூப்பிடுவதற்கு முன்பே உங்கள் வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள். முதலில் என்ன வேண்டும், அது இல்லாவிட்டால் என்ன, எதற்குக் கீழே இறங்க மாட்டீர்கள். போனில் யோசித்தால் அவர்கள் சொல்வதற்கு "சரி" என்று வாயில் வந்துவிடும்.

முதலில் வருவது "இன்னும் ஒரு தடவை மட்டும் ரிப்பேர்." நேரடியாக மறுத்தால் வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை என்று எழுத இடம் கொடுத்ததாகும். நிபந்தனையோடு சம்மதியுங்கள்: இதுவே கடைசி, 30 நாளுக்குள் பழுது வந்தால் ரீப்ளேஸ்மென்ட், இதை மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். பெரும்பாலான வழக்குகள் திரும்புவது இந்த மின்னஞ்சலில்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது புதுப்பித்த லேப்டாப். வாரண்டி வாசகம் இதற்கு இடம் தரலாம். லேப்டாப் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தால் ஏற்பதில் தப்பில்லை. மூன்று மாதமே ஆகியிருந்தால், புதிய விலை கொடுத்தவனுக்குப் புதியதுதான் வேண்டும் என்று நில்லுங்கள்.

உங்கள் மாடல் நின்றுவிட்டது, "ஈக்விவலென்ட்" தருகிறோம் என்பார்கள். இங்கே கண்ணைத் திறந்து வையுங்கள். பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி அளவு மூன்றும் பொருந்தும். திரையின் பிரகாசமும் நிறமும், கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுத்திருக்கும் வாட், ரேமைக் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்பது, எடை, விசைப்பலகை விளக்கு எல்லாம் சத்தமில்லாமல் குறைந்திருக்கும். மாடல் எண்ணை முழுதாக எழுத்தில் வாங்கி, பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகு சம்மதம் சொல்லுங்கள். வித்தியாசத் தொகை கட்டி மேல் மாடல் வாங்கும் வாய்ப்பு கொடுத்தால் சில நேரம் நல்ல பேரம். பழையதற்கு முழு பில் தொகையையும் கழிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

ரீஃபண்ட் என்றால் தேய்மானம் கழிப்பார்கள். முதல் கேஸ் எந்த மாதத்தில் போட்டீர்கள் என்பதை அப்போது சொல்லுங்கள். ஒன்றாம் மாதமே பழுதைச் சொன்னவரிடம் பத்து மாதத் தேய்மானம் கழிப்பது நியாயமில்லை. ரிப்பேரில் கிடந்த நாட்களுக்கு நாம் எதையும் அனுபவிக்கவில்லை.

"ஒரு வருஷம் வாரண்டி கூடுதலாகத் தருகிறோம்" என்பது தனியாக வந்தால் வேண்டாம். ஓடாத பொருளுக்கு நீண்ட வாரண்டி கிடைத்து என்ன பயன்? ரீப்ளேஸ்மென்ட்டோடு சேர்ந்து வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மசியவில்லை என்றால்

1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் இது, தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். கால் சென்டரில் சுற்றிக்கொண்டிருந்த கேஸ் இதன் வழியாக வேறு மேசைக்குப் போகும். செலவு எதுவும் இல்லை, அதனால் இதைத் தாண்டி வக்கீலிடம் ஓட வேண்டாம்.

அப்புறம் நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, வக்கீலும் தேவையில்லை. மேலே சொன்ன மின்னஞ்சலையே காகிதத்தில் எழுதி, 15 நாள் கெடு கொடுத்து, நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் விற்றவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வாரண்டி அட்டையில் பெங்களூரு நீதிமன்றம், டெல்லி நீதிமன்றம் என்று ஒரு வரி இருக்கும். பயப்பட வேண்டாம், 2019-ம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவு, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே போடலாம். இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம், நீங்களே வாதாடலாம். பழுது எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு.

நீங்கள் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தானா என்று ஒரு கேள்வி எழும். கம்பெனி பெயரில் பில் போட்டு, வியாபாரத்துக்கு வாங்கியது என்றால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிய டிசைனர், ஆடிட்டர், டியூஷன் ஆசிரியர் போன்றவர்களைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அதை மனுவில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

ஆணையம் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், குறையில்லாத புதிய பொருள் தரச் சொல்லலாம், வட்டியோடு பணத்தைத் திருப்பச் சொல்லலாம், நஷ்டஈடும் விதிக்கலாம். 39-வது பிரிவு இவற்றைத்தான் பட்டியலிடுகிறது. தயாரிப்புக் குறை என்று நாம் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். தேவைப்பட்டால் பொருளை ஆய்வுக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. எனவே வழக்கு முடியும் வரை லேப்டாப்பை விற்காதீர்கள், வெளியில் ரிப்பேர் செய்யாதீர்கள். ஜாப் ஷீட்டுகள் வரிசையாக இருந்தால் பாதிக் கதையை அவையே சொல்லும். ஆய்வு தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் சமரசத்துக்கு அழைத்தால், உங்கள் வரிசையில் இரண்டாவதாக வைத்திருந்ததைத் தருவதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன்.

புதியது வரும்போது

பழையதை ஒப்படைக்கும் முன் டேட்டாவை அழித்து, கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். மேக் என்றால், தொலைந்த கருவியைத் தேட உதவும் "ஃபைண்ட் மை" வசதியை அணையுங்கள். நீங்கள் காசு போட்டு வாங்கிய ரேமைக் கழற்றிக்கொண்டு பழைய ரேமைத் திரும்பப் போடுங்கள். பையும் சார்ஜரும் கொடுக்க வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். அன்றைக்கே முழுப் பரிசோதனை ஓட்டுங்கள். பழையதில் எந்தச் செய்முறையில் பழுது வந்ததோ அதையே இதிலும் செய்து பாருங்கள். புதிய சீரியல் எண், வாரண்டி முடியும் தேதி, பழைய எண்ணுக்குப் பதிலாகக் கொடுத்தது என்ற விவரம் மூன்றும் உள்ள கடிதம் ஒன்றை வாங்குங்கள்; உங்கள் பழைய பில்லில் இந்த எண் இருக்காது. எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் அது தானாக மாறாது, புதிய எண்ணுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். லேப்டாப்போடு வந்த ஆஃபீஸ் உரிமமும் அப்படித்தான்.

"முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற படிவத்தை டெலிவரி ஆளிடமே கொடுத்து அனுப்புவார்கள். பெட்டி பிரிக்காமல் கையெழுத்துப் போடச் சொன்னால், "பெட்டியை மட்டும் பெற்றேன், சோதிக்கவில்லை" என்று பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.